அஞ்சறைப் பெட்டியோடு தென் தீவு: வேன் சமையலறை நாட்குறிப்பு

வெள்ளி, வெலிங்டன்

நாளைக் காலை வேனோடு படகேறி குக் நீரிணையைக் கடக்கிறோம். பிக்டனில் இறங்கி, கைக்கோரா, தெக்கப்போ, மேற்குக் கரை என்று நியூசிலாந்தின் தென் தீவைச் சுற்றி, கிறைஸ்ட்சர்ச்சில் வேனை ஒப்படைப்பதாகத் திட்டம். தூத்துக்குடியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். நானும் என் கணவரும் சேர்த்து நாலு பேர். வாடகை வேனில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, கையளவு சிங்க், 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ். மின் இணைப்பு தரும் முகாமில் நிறுத்தினால்தான் மிக்ஸி ஓடும். மற்ற இடங்களில் அரைக்க வழியில்லை.

இங்கே வேன் பயணம் போகும் நம்மவர்கள் பலர் ரொட்டி, நூடுல்ஸ் என்று ஒப்பேற்றிவிட்டு வருவதைப் பார்க்கிறேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது அது சரிப்படாது. வேன் சமையலில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. டப்பா எது, அதை எங்கே அடுக்குவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அதனால் இன்று முழுக்க அடுப்படியிலேயே கழிந்தது.

முதல் வேலை தாளிப்பு. கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய வற்றல், கறிவேப்பிலை இவற்றை அளவான எண்ணெயில் பொரித்து, நன்றாக ஆறவிட்டு ஒரு பாட்டிலில் அடைத்துவிட்டேன். கறிவேப்பிலையை முதலிலேயே ஈரம் போக உலர்த்தி, மொறுமொறுவென்று பொரிப்பது முக்கியம். ஒரு இலையில் ஈரம் இருந்தாலும் பாட்டில் முழுக்கக் கெடும். வேனுக்குள் கடுகு வெடித்தால் கூரையிலெல்லாம் எண்ணெய் தெறிக்கும், புகை அலாரம் கத்தும், தாளித்த வாசம் மெத்தையில் ஏறிவிடும். இந்த பாட்டில் இருந்தால் சாம்பாரோ தயிர்சாதமோ ஒரு கரண்டி போட்டுக் கிளறினால் போதும்.

அடுத்து ரவை. தாளித்த அதே கடாயில் ரவையை வறுத்து, உப்பும் சேர்த்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று கட்டியாயிற்று. கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் உப்புமா. புளியைக் கரைத்துக் கொதிக்கவைப்பது வேனில் தண்ணீருக்கும் கேஸுக்கும் கேடு என்பதால், நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை புளிக்காய்ச்சல் வற்றவைத்தேன். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மூன்றையும் அம்மா அரைத்தாள். சமைக்கவே முடியாத நாளில் சோறும் பொடியும் நெய்யும் இருந்தால் ஒரு வேளை ஓடிவிடும்.

இனி டப்பா. எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஓடும் வண்டியில் அதன் கிண்ணங்கள் குலுங்கி மிளகாய்ப் பொடி சீரகத்தில் ஏறும் என்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. கிண்ணங்களின் தலைமேல் சப்பென்று உட்காரும் உள்மூடி உள்ள பெட்டியாகப் பாருங்கள். உள்மூடிக்கும் கிண்ணங்களுக்கும் நடுவே, பேக்கிங் தட்டில் விரிக்கும் சிலிக்கான் விரிப்பை வட்டமாக வெட்டி வையுங்கள். வெளிமூடியை அகலமான ரப்பர் பட்டையால் இறுக்குங்கள். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தே சோதித்துவிட்டேன், பொடி இடம் மாறவில்லை. இவ்வளவு செய்தும் அதில் முழு மசாலாவுக்கும் மஞ்சள்பொடிக்கும்தான் இடம். மிளகாய்ப் பொடி, சாம்பார் பொடி, மல்லிப் பொடி மூன்றும் தனித்தனியாகத் திருகுமூடி பாட்டிலில்; மூடியைத் திருகும் முன் வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள்.

அளவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடம் அடைப்பது பெரும்பாலும் மசாலா அல்ல, பாதி காலியான பெரிய டப்பாக்கள். நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு மிளகாய்ப் பொடி 50 கிராம், சாம்பார் பொடி 100 கிராம், கடுகு சீரகம் தலா 30 கிராம் தாராளம். ஓமம், வெந்தயம், சோம்பு, கிராம்பு, ஏலக்காய் போன்ற கொஞ்சமாகத் தேவைப்படுபவற்றுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஏழு அறை மாத்திரைப் பெட்டி அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் அதில் பொடி போடாதீர்கள். மூடி இடுக்கு வழியே கசியும். பெருங்காயம் சிறு கண்ணாடிப் புட்டியில், அந்தப் புட்டி இன்னொரு பெரிய புட்டிக்குள். இரண்டு மூடி இல்லாமல் பெருங்காயத்தை அடக்க முடியாது.

ஊரிலிருந்து மசாலா கொண்டுவரச் சொல்கிறவர்களுக்கு: உணவுப் பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். அறிவிக்காத ஆபத்தான பொருள் பையில் இருந்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். அம்மா எல்லாவற்றையும் எழுதி, கடையில் அடைத்த பாக்கெட்டுகளாகவே கொண்டுவந்தாள். அதிகாரி பார்த்துவிட்டுச் சிரித்த முகமாக அனுப்பிவிட்டார்.

சனி, பிக்டன்

படகில் ஏறும் முன் கேஸ் சிலிண்டரின் வால்வை மூட வேண்டும். அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் போதாது, சிலிண்டர் தலையிலேயே மூட வேண்டும். கடக்கும்போது யாரும் வண்டியில் உட்காரவும் கூடாது. ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். ஃபிளாஸ்கில் இஞ்சி டீயும், வாழையிலைக்குப் பதில் பேக்கிங் தாளில் மடித்த புளியோதரையும் கையோடு மேல்தளத்துக்கு எடுத்துப் போனோம்.

குக் நீரிணையில் காற்று பலம். அப்பா கைப்பிடியை விடவே இல்லை. அவரிடம் ஒரு தமிழ் மணியைப் பற்றிச் சொன்னேன். 1836-ஐ ஒட்டிய காலத்தில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், இந்த நாட்டின் வடக்கே, பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது விளிம்பு உடைந்த ஒரு கப்பல் மணி. அதைச் சுற்றித் தமிழ் எழுத்து. மொகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொருள் சொல்கிறார்கள். எப்படி இங்கே வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கடலோடி ஊர்க்காரரான அப்பாவுக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் தாங்கவில்லை. "மணியக் கவுத்துப் போட்டு கெழங்கு அவிச்சிருக்கானுவ பாரு. பாத்திரம்னா அதாம்மா பாத்திரம்" என்றார். கிடைத்ததை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் அந்தப் பெண்களின் கைத்திறம் எனக்கும் பிடித்திருக்கிறது. வேனில் எடுத்துவந்த பாத்திரங்களும் அப்படித்தான்: இரண்டு லிட்டர் குக்கர், அதன் வாயில் சரியாக உட்காரும் ஒரு கடாய், கடாய்க்கும் குக்கருக்கும் பொதுவான ஒரு தட்டையான மூடி. வேறு ஒன்றும் இல்லை.

மாலையில் குயின் சார்லட் கடற்கால் ஓரத்தில் நடந்தபோது, பாதையோரம் இதய வடிவ இலைகளோடு ஒரு செடி. அம்மா நின்றுவிட்டாள். "வெத்தல மாதிரியே இருக்குல்லா?" என்றாள். அது கவகவா. மிளகு, வெற்றிலை, திப்பிலி மூன்றும் சேர்ந்த பைப்பர் பேரினத்தைச் சேர்ந்ததுதான். நம் வெற்றிலைக்குச் சொந்தக்காரி. இலையெல்லாம் புழு அரித்த ஓட்டைகள். ஓட்டை விழுந்த இலையே மருந்துக்கு உகந்தது என்று மாவோரிகள் சொல்வார்கள். பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது. அம்மா இலையை விரலால் வருடி முகர்ந்து பார்த்ததோடு சரி.

ஞாயிறு, கைக்கோரா

பிக்டனிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில், செட்டன் ஊரைத் தாண்டியதும் வலமும் இடமுமாகப் பார்த்துக்கொண்டே வந்த அம்மா ஒரேயடியாகக் குரல் கொடுத்தாள். "ஏட்டி, உப்பளம்!" கிராஸ்மியர் ஏரி. கடல்நீரைப் பாத்தி பாத்தியாகத் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு உப்பெடுக்கும் நியூசிலாந்தின் உப்பளம் இது. பாத்திகள் இளஞ்சிவப்பாக இருந்தன. உப்பு ஏறிய நீரில் வாழும் நுண்ணுயிர்களால் வரும் நிறம். தூரத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு மலை. தூத்துக்குடியிலிருந்து இத்தனை ஆயிரம் மைல் வந்தும், வேலை அதே வேலை என்று அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு வாருகிறவர்களின் கால் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

வேனுக்கு உப்பு எப்படி எடுப்பது என்பதற்கும் அவளே பதில் வைத்திருந்தாள். தூளுப்பு வேண்டாம், கல்லுப்பு எடு. தூளுப்பு ஈரத்தில் கட்டிபிடிக்கும், திறந்தால் சிந்தும், எவ்வளவு விழுந்தது என்றும் தெரியாது. கல்லுப்பைக் கையால் எண்ணிப் போடலாம். அடியில் கொஞ்சம் பச்சரிசியைப் போட்டுவைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேலே தூவ மட்டும் ஒரு சிறு குப்பியில் தூளுப்பு.

கைக்கோராவுக்குள் நுழையும் கடற்கரைச் சாலை 2016 நவம்பர் நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகளால் மூடி, மறு ஆண்டு டிசம்பரில்தான் மறுபடி திறந்தது. இன்று பாறைகளில் கடல்நாய்கள் வெயில் காய்கின்றன. வளைவுகள் அதிகம். இறங்கிப் பார்த்தபோது அலமாரியில் ஒரு டப்பாகூட நகரவில்லை. காரணம் மூன்று: கனமானவை எல்லாம் தரையோடு ஒட்டிய இழுப்பறையில், டப்பாக்களுக்குக் கீழே ரப்பர் வலை விரிப்பு, இடுக்குகளில் துணி. பாட்டில்களுக்குப் பழைய காலுறை போட்டுவிட்டால் மோதினாலும் சத்தமில்லை, உடையாது. தட்டுகளுக்கு நடுவே கைத்துண்டு. எப்படியும் துண்டுகள் எடுத்துப் போகிறோம், அவையே மெத்தையாகட்டும்.

திங்கள், தெக்கப்போ

நீண்ட ஓட்டம். கிறைஸ்ட்சர்ச்சில் காய்கறி மட்டும் வாங்கிக்கொண்டு நிற்காமல் வந்தோம். ஏரி 710 மீட்டர் உயரத்தில். பால் கலந்த நீலம். பனிப்பாறைகள் அரைத்த கல்மாவு நீரில் மிதப்பதால் வரும் நிறம். ஏரிக்கரையில் 1935-இல் கட்டிய சிறு கல் தேவாலயம்.

இந்தப் பகுதி 2012 முதல் ஆவோராகி மெக்கன்சி இருள்வான் காப்பகம். வெளிச்சத்தைக் கூடுமானவரை குறைக்க வேண்டும். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று சிவப்பு விளக்குதான் வைத்துக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படியே சமைத்தோம். சிவப்பு வெளிச்சத்தில் மிளகாய்ப் பொடி வெளுத்துத் தெரியும். சாம்பார் பொடிக்கும் மல்லிப் பொடிக்கும் வித்தியாசமே தெரியாது. பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டிருந்தது இங்கேதான் கைகொடுத்தது: மிளகாய்க்கு ஒன்று, சாம்பார் பொடிக்கு இரண்டு, மல்லிக்கு மூன்று. தடவிப் பார்த்தே எடுக்கலாம். கண் மங்கிய பெரியவர்கள் வீட்டுச் சமையலறையிலும் இதைச் செய்யலாம்.

செவ்வாய், ஆவோராகி மலையடிவாரம்

ராத்திரி நல்ல குளிர். காலையில் தேங்காயெண்ணெய் கல்லாகியிருந்தது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்பு. குறுகிய வாய் பாட்டிலில் இருந்தால் அன்றைக்கு எண்ணெயே இல்லை என்று அர்த்தம். அகன்ற வாய் ஜாடியில் வைத்தால் கரண்டியால் சுரண்டி எடுக்கலாம். நெய்யும் அப்படியே. உறைந்த எண்ணெய் வழியாது, கசியாது என்பதால் வண்டிக்கு அதுவே வசதி என்றுகூடச் சொல்வேன்.

வெளியே சமைக்க வைத்திருந்த கையடக்க அடுப்பு சோம்பியது. அதன் டின்னில் இருப்பது பியூட்டேன். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அருகே வந்தாலே ஆவியாகத் தயங்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். வேனின் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரோப்பேன் என்பதால் உள்ளடுப்பு வழக்கம்போல் எரிந்தது. டின்னை ராத்திரி வேனுக்குள் குளிர் படாமல் வைத்திருந்தால் போதும். அடுப்பில் காட்டிச் சூடாக்குவது மட்டும் ஒருக்காலும் கூடாது. அதே போல, குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு அடுப்பை எரிப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமில்லை, நிறமில்லை. கூரைத் திறப்பும் ஒரு ஜன்னலும் சமைத்து முடியும்வரை திறந்தே இருக்கட்டும்.

மதியம் ஹூக்கர் பள்ளத்தாக்கில் நடக்கப் போகும் முன் ஃபிளாஸ்கில் பொங்கல் வைத்தேன். இந்த முறையை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் அரைமணி ஊறவைக்கவும். வாய் அகன்ற எஃகு ஃபிளாஸ்கில் கொதிநீரை ஊற்றி, அது சூடேறியதும் கொட்டிவிடவும். அரிசி பருப்பை நாலு மடங்கு நீரில் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மிளகும் சீரகமும் போட்டு, ஃபிளாஸ்கை நிறைத்து மூடவும். ஒரு மணி நேரத்தில் குழைந்திருக்கும். ஐந்து நிமிட கேஸ்தான் செலவு. திறந்ததும் ஆவி பறக்கச் சாப்பிட்டுவிட வேண்டும். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகும். 3,724 மீட்டர் மலை எதிரே நிற்க, அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து நெய் விட்டுப் பொங்கல் பரிமாறினாள். மாப்பிள்ளைக்கு இரண்டாம் முறை போடும்போது, "கூச்சப்படாதீங்க மாப்ள, நடந்து களைச்சிருக்கீங்க" என்றாள். இவர் மறுக்கவில்லை.

காந்தம் ஒட்டிய மசாலா டின்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வேனில் இருந்த குடும்பம், அடுப்புக்கு மேலே உலோகத் தகட்டில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார்கள். கண்ணாடி மூடி வழியே எல்லா நிறமும் தெரிய, பார்க்க மிக அழகு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மசாலாவுக்கு ஆகாதவை மூன்று: சூடு, வெளிச்சம், ஈரம். அந்த இடத்தில் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. வெளிச்சம் பட்டால் மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் நிறமும் வெளுக்கும். குளிர்ந்த உலோகத்தில் ஆவி பட்டு நீர் பூத்தால் பொடி கட்டியாகும். இருட்டான இழுப்பறையில் டப்பாக்களைப் படுக்கவைத்து, மூடியில் பெயர் எழுதுங்கள். கொதிக்கும் குழம்புக்கு மேலே டப்பாவை நேரடியாகக் கவிழ்த்துக் கொட்டும் பழக்கமும் வேண்டாம். ஆவி உள்ளே போகும். உலர்ந்த கரண்டியில் எடுத்துப் போடுங்கள்.

புதன், வானக்கா

லிண்டிஸ் கணவாய், 971 மீட்டர். இரு பக்கமும் பழுப்புப் புல் போர்த்திய குன்றுகள், ஒரு மரம் இல்லை. இறங்கி வந்தால் மத்திய ஒட்டாகோ. நாட்டின் மிக வறண்ட பகுதி. குரோம்வெல் அருகே சாலையோரக் கடையில் பேரிக்காயும் பிளம்ஸும் வாங்கினோம். கல்லும் சரளையுமான சரிவு முழுக்கக் குட்டையான, சாம்பல் பச்சைச் செடிகள். அம்மா ஒரு கொத்தைக் கசக்கி முகர்ந்தாள். "ஓமம்லா இது!"

காட்டு தைம். தங்கம் தேடி வந்தவர்களின் காலத்தில் வந்து, இந்த வறண்ட மண் பிடித்துப்போய்ப் பரவிய செடி. அம்மா மூக்கு ஏமாறவில்லை: தைமிலும் ஓமத்திலும் இருக்கும் வாசப்பொருள் தைமால் என்ற ஒன்றேதான். ஒரு சின்ன கட்டு பறித்து, காகிதப் பையில் போட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கவிட்டோம். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ராத்திரி கோதுமை மாவில் அதை உதிர்த்துப் போட்டுச் சப்பாத்தி செய்தேன். ஓமச் சப்பாத்தி என்று சொல்லிப் பரிமாறினால் யாரும் நம்புவார்கள்.

ஆரோடவுனில் ஆற்றோரம் இருக்கும் சீனர் குடியிருப்பைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். ஒட்டாகோவின் தங்கவயல்களுக்கு 1866 முதல் சீனாவின் குவாங்டாங் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பாறைக்கு முதுகு கொடுத்துக் கட்டிய கல் குடிசைகளை இப்போது சீர்செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே குனிந்து போனால் ஒரு ஆள் படுக்கும் இடம், ஒரு அடுப்பு, அவ்வளவுதான். எங்கள் வேன் அதைவிடப் பெரிது. இந்தக் குடியிருப்புகளைத் தோண்டியபோது இஞ்சி ஊறல் ஜாடிகளும் சோயா குழம்பு ஜாடிகளும் கிடைத்திருக்கின்றன. பனி கொட்டும் இந்தப் பள்ளத்தாக்கில், குடும்பத்தைப் பிரிந்து தனியாளாக வாழ்ந்தவர்கள், கடல் கடந்து அந்தச் சுவையை வரவழைத்திருக்கிறார்கள். அந்தக் குடிசை வாசலில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வெலிங்டனுக்கு வந்த புதிதில் ஒரு பாக்கெட் பெருங்காயத்துக்காக நகரத்தின் அந்தக் கோடிவரை பேருந்தில் போய் வந்திருக்கிறேன்.

வியாழன், ஃபாக்ஸ் கிளேசியர்

ஹாஸ்ட் கணவாயைத் தாண்டியதும் உலகமே மாறுகிறது. நேற்றைய வறட்சி போய், பாசி தொங்கும் மழைக்காடு. நாள் முழுக்க மழை. மழை நின்றால் மணல் ஈக்கள். கதவை இரண்டு நிமிடம் திறந்துவைத்தால் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். வெளியே சமைக்க முடியாது. வலைக்கம்பி போட்ட ஜன்னலையும் கூரைத் திறப்பையும் திறந்துவைத்து உள்ளேதான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். மழை மட்டும் காரணமில்லை. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அதோடு குழம்பின் ஆவி, நாலு பேரின் மூச்சு. காலையில் கண்ணாடியெல்லாம் வழிகிறது. இந்த மாதிரி நாளுக்குத்தான் வீட்டில் முடித்த வேலைகள். இன்று அடுப்பு எரிந்தது காலையும் மாலையும் ஒரு கெட்டில் தண்ணீருக்கு மட்டும். காலையில் உப்புமா. மதியம் அவல்: கெட்டி அவலைக் கழுவி ஊறவைத்து, புளிக்காய்ச்சல் பிசைந்து, தாளிப்புப் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி, மேலே வேர்க்கடலை. புளி அவல் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று இவர் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி தயிர்சாதத்துக்குப் பதில் தயிர் அவல். தயிரை நேற்றே ஃபிளாஸ்கில் உறைய ஊற்றியிருந்தேன். குளிரில் தயிர் தோய வேறு வழியே இல்லை.

பாத்திரம் கழுவுவதும் இங்கே வேறு கணக்கு. வேனின் தண்ணீர்த் தொட்டி சின்னது. கழுவிய நீர் தேங்கும் தொட்டி அதைவிடச் சீக்கிரம் நிறையும். அதைக் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது, அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும். ஏரியிலோ ஆற்றிலோ போய்க் கழுவுவதை நினைத்தே பார்க்கக் கூடாது. டிடிமோ என்ற பாசி 2004-இல் இந்தத் தீவின் ஒரு ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டு, பாத்திரத்திலும் செருப்பிலும் ஒட்டிய ஒரு சொட்டு ஈரத்தில்கூட ஆறு விட்டு ஆறு பரவக்கூடியது. ஆகவே எங்கள் முறை இது: எண்ணெய்ப் பிசுக்கு உள்ள பாத்திரத்தில் ஒரு கைப்பிடி கடலைமாவைத் தூவித் தேய்த்து, பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிடுவது. எண்ணெய் முழுக்க மாவோடு போய்விடும். பிறகு தெளிப்பான் பாட்டிலில் சோப்புநீர், இன்னொன்றில் வெறும் நீர். அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்வாள் அம்மா. அவள் பிறந்து வளர்ந்த தெருவில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றிருக்கிறாள். தண்ணீரைச் சிக்கனமாகக் கையாள அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெள்ளி, ஹோக்கிடிக்கா

வெயில்! எல்லா டப்பாவையும் வெளியே எடுத்துத் துடைத்தோம். கல்லுப்பு ஈரம் கோர்க்கவில்லை, பொடிகள் உதிரியாகவே இருந்தன.

ஊர்க் கடையில் ஹொரொபிட்டோ பொடி ஒரு சிறு பாக்கெட் வாங்கினேன். இந்த நாட்டுக் காடுகளில் வளரும் புதரின் இலை; சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். மிளகு மரம் என்று பேர், மிளகுக்கும் அதற்கும் சொந்தமில்லை. நாக்கில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு மெல்ல ஏறி, கொஞ்சம் மரத்துப்போகச் செய்கிறது. மிளகு ரசத்தில் பாதி மிளகுக்குப் பதில் அதைப் போட்டுப் பார்த்தேன். அப்பா இரண்டு டம்ளர் குடித்தார். அம்மாவுக்கு மிளகுதான் மிளகு. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ரசத்தைவிட உருளைக்கிழங்கு வறுவலுக்கு எடுபடும் என்று நினைக்கிறேன்.

சனி, ஆர்தர்ஸ் பாஸ் வழியாக கிறைஸ்ட்சர்ச்

920 மீட்டர் கணவாய். ஒட்டிரா பாலத்தின் காட்சி மேடையில் நிறுத்திய அடுத்த நொடி கூரைமேல் டக்டக்கென்று காலடிச் சத்தம். கெயா, மலைக்கிளி. பச்சை உடம்பு, சிறகின் அடியில் ஆரஞ்சு. ஜன்னல் ரப்பரைக் கொத்தி இழுக்கத் தொடங்கிவிட்டது. அப்பா உடனே, "கொஞ்சம் மிளகாப்பொடியத் தூவுனா ஓடிராதா?" என்றார். ஓடாது. மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்குத்தான் எரியும், பறவைகளுக்கு உறைக்காது. அதனால்தான் பறவைகள் மிளகாய்ப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. இந்தக் கிளிகள் எண்ணிக்கையில் குறைந்துவரும் இனம். தீனி போடக் கூடாது, வெளியே உணவோ பாத்திரமோ வைக்கவும் கூடாது. காய்ந்துகொண்டிருந்த துண்டைக்கூட உள்ளே எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஞாயிறு, கிறைஸ்ட்சர்ச்

மாலைக்குள் வேனை ஒப்படைக்க வேண்டும். வாடகை வேனில் நம் சமையல் என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி மஞ்சள் கறை. வெள்ளை மேடையில் இரண்டு இடத்தில் இருந்தது. சோடா உப்பைக் குழைத்துத் தடவியதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறியது. இவர் பதறிவிட்டார். அம்மா அமைதியாகச் சொன்னாள்: "ஆரத்தித் தண்ணி எப்படிச் செவக்குது மாப்ள? மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கத்தானே செய்யும்." அதே வேதியியல். காரத்தன்மை படும்போது மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கும், எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சளாகும். அரைமணி ஊறவிட்டுத் துடைத்தபின் மங்கலாக மிஞ்சியதை வெயில் பார்த்துக்கொண்டது: மேடைக்கு நேரே இருந்த பக்கக் கதவைத் திறந்து, வெயில் விழும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். வெளிச்சத்தில் மஞ்சள் நிறம் சிதைந்துவிடும். மேசை விரிப்பையும் அப்படியே புல்லில் விரித்தோம். மதியத்துக்குள் இரண்டும் சுத்தம்.

வாசத்துக்கு ஒரு கிண்ணத்தில் சோடா உப்பை ராத்திரியே வைத்திருந்தேன். மெத்தை உறைகளை உதறி, ஃபிரிட்ஜை எலுமிச்சைத் தோலால் துடைத்து, கதவுகளை எல்லாம் ஒரு மணி நேரம் திறந்துவைத்தோம். சரிபார்க்க வந்த பெண் உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, பணம் எதுவும் பிடிக்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

பியூட்டேன் டின்களை விமானத்தில் கொண்டுபோக முடியாது. மிச்சமிருந்த இரண்டையும் முகாமில் அன்று காலை வந்திறங்கிய ஒரு இளம் ஜோடியிடம் கொடுத்துவிட்டோம். மதுரைக்காரர்கள், எங்கள் வழியையே தலைகீழாகப் போகிறார்கள். தாளிப்புப் பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. அதையும் கொடுத்து, மேற்குக் கரை ஈக்களைப் பற்றியும் சொன்னேன். அஞ்சறைப் பெட்டி மட்டும் அம்மாவின் கைப்பையில். விமான நிலையச் சோதனையில் அதைத் திறக்கச் சொன்னால் சிலிக்கான் விரிப்பை மறுபடி சரியாக வைக்கச் சொல்லி அப்பாவிடம் இப்போதே பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.